பேர் அங்கே, குரல் இங்கே

ஒரு குழுவை விட்டுத் தனியாகப் போன பாடகியைப் பற்றிப் பேச்சு வந்தால், நம்ம பக்கத்துக் கச்சேரிக்காரர்களிடம் ஒரே தீர்ப்புதான்: "அந்த அம்மிணி பேசாம அங்கயே இருந்திருக்கலாம்ங்க." ஈரோட்டு ஆர்கெஸ்ட்ராவிலிருந்து பிரிந்த பெண்ணுக்கும் இதே தீர்ப்பு. கோயம்புத்தூரில் நாலு பேராகச் சேர்ந்து யூடியூபில் பாடிக்கொண்டிருந்துவிட்டுத் தனிச் சேனல் தொடங்கிய கல்லூரிப் பெண்ணுக்கும், லண்டன் பாப் பாடகிக்கும் அதே தீர்ப்புதான். தனியாகப் போட்ட பாட்டு எத்தனை பேரைப் போய்ச் சேர்ந்தது என்று பார்ப்போம். சேரவில்லை என்றால் கணக்கை முடித்துவிடுவோம். இந்தக் கணக்கு தப்பு என்பதே என் கட்சி. குழுவை விட்டு வரும்போது எதைக் கையோடு கொண்டுவந்தார், எது அங்கேயே தங்கிவிட்டது என்று பார்க்காமல் ஜெயித்தாரா தோற்றாரா என்று சொல்ல முடியாது. இதை, ஷுகபேப்ஸ் என்ற லண்டன் பெண்கள் பாப் குழுவை விட்டு வந்த ஷிவான் டானஹியின் கதை அளவுக்குத் தெளிவாகக் காட்டுகிற கதை பாப் உலகத்தில் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஷுகபேப்ஸ் கதையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1998-இல் லண்டனில் ஷிவான், முட்யா புவேனா, கீஷா பியூக்கானன் மூன்று பேரும் சேர்ந்தபோது யாருக்கும் பதினைந்து வயது ஆகவில்லை. 2000-இல் 'ஓவர்லோட்' பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 6-ஆம் இடம் வந்தது. 2001-இல் ஜப்பான் பயணத்தின்போது ஷிவான் விலகினார். அப்போது அவருக்கு 17 வயது. மனச்சோர்வோடு வெளியே வந்ததை அவரே பிற்பாடு வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அவர் இடத்துக்கு ஹைடி ரேஞ்ச் வந்தார். 2002-இல் குழுவின் பாட்டு முதலிடத்துக்குப் போனது. ஷிவானின் முதல் தனி ஆல்பம் 2003-இல் வந்தது. முதல் நூறுக்குள்கூட வரவில்லை. 2007-இல் வந்த இரண்டாவது ஆல்பமான 'கோஸ்ட்ஸ்' 92-ஆம் இடத்தோடு நின்றது. இதை மட்டும் வைத்துப் பார்த்தால் நம்மவர்கள் தீர்ப்பு சரி என்றே தோன்றும். ஆனால் அந்த இரண்டு ஆல்பத்தையும் அடுத்தடுத்துக் கேட்கிற காதுக்கு வேறொன்று தெரியும். முதலாவதில் பாடுகிறவர் மூன்று பேருக்கு நடுவே பாடிப் பழகிய பெண். இரண்டாவதில் பாடுகிறவர் ஒரு பாட்டு முழுவதையும் ஒற்றை ஆளாகத் தாங்கக் கற்றுக்கொண்டவர். அந்த நாலு வருஷத்தில் நடந்த வேலை பட்டியலில் ஏறாது.

மூன்றில் ஒரு பங்கு

குழுவில் பாடுகிறவர் தொண்டையில் என்ன பழக்கம் ஏறியிருக்கும் என்பதை முதலில் பார்ப்போம். நிமிஷத்துக்கு 100 தாள அடி போகிற, நாலு அடிக்கு ஒரு பார் (தாளச் சுற்று) வருகிற பாட்டில் எட்டு பார் என்பது சுமார் 19 விநாடி. மூன்று பேர் குழுவில் ஒருத்தர் அந்த 19 விநாடி பாடிவிட்டு, அடுத்த எட்டு பாருக்கு வாயை மூடிக்கொள்ளலாம். தண்ணீர் குடிக்கலாம், மூச்சைச் சேர்த்து வைக்கலாம். பல்லவி வரும்போது மூன்று பேரும் சேர்ந்துகொள்வார்கள். அங்கேயும் பாரம் மூன்றாகப் பிரிந்துவிடும். இப்படியே மூன்று நாலு வருஷம் பாடியவர் தனியாக மேடை ஏறினால், முதல் பாட்டு நன்றாக இருக்கும், இரண்டாவதும் தப்பிக்கும். மூன்றாவது பாட்டின் சரணத்தில் வரிக் கடைசிச் சொல் விழுந்துவிடும். கேட்கிறவர்கள் 'குரல் போயிடுச்சு' என்பார்கள். குரல் எங்கும் போகவில்லை, ஓய்வு போய்விட்டது. மூன்றரை நிமிஷப் பாட்டில் மூச்சு எடுக்க எங்கே இடம் இருக்கிறது என்று அவர் இதுவரை தேட வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான். இதற்கு வழி, பாட்டு வரிகளைத் தாளில் எழுதி மூச்சு எடுக்கிற இடத்தில் கோடு போட்டுக்கொள்வது. எடுத்த இடத்திலேயே ஒவ்வொரு தடவையும் எடுப்பது. மூன்று பாட்டை நிற்காமல் பாடத் தொடங்கி, வாரத்துக்கு ஒரு பாட்டாகக் கூட்டிப் பன்னிரண்டு வரை கொண்டுபோவது. நின்றுகொண்டே, மேடையில் எவ்வளவு நடப்போமோ அவ்வளவு நடந்துகொண்டே பாடிப் பழக வேண்டும். உட்கார்ந்து பழகிய மூச்சு மேடையில் உதவாது.

அடுத்தது சுதி. குழுப் பாட்டுக்குச் சுதி வைக்கும்போது யாருடைய குரலுக்கும் முழுதாகப் பொருத்தி வைப்பதில்லை. ஷுகபேப்ஸில் முட்யாவின் குரல் கனமாகக் கீழே நிற்கும். கீஷா நடுவில் வளைவுகளோடு போவார். ஷிவானுடையது மெல்லிசான மேல்குரல். கீழ்ப் பகுதியைக் கனமான குரலுக்கும் மேல் பகுதியை மெல்லிய குரலுக்கும் கொடுத்துவிட்டால், பாட்டு ஒன்றரை ஸ்தாயிக்கு விரிந்தாலும் யாருக்கும் கஷ்டம் இல்லை. அதே பாட்டைத் தனியாகப் பாடினால் மேல்குரல்காரருக்குச் சரணம் கீழே மூழ்கும். கனமான குரல்காரருக்குப் பல்லவி எட்டாது. நம்மூர் மேடைகளிலும் இதேதான் நடக்கிறது: குழுவில் ஆறு கட்டைச் சுதியில் பாடிய பாட்டு என்று தனியாகவும் ஆறு கட்டையிலேயே பிடிவாதமாக நிற்பது. ஐந்தரைக்கோ ஐந்துக்கோ இறக்கினால் கௌரவம் குறையாது. பாட்டில் மிக உயரமான ஸ்வரம் எது, அதை மூன்றாவது மணி நேரத்திலும் கத்தாமல் தொட முடியுமா என்று பார்த்து, அங்கிருந்து கீழே கணக்குப் போட்டுச் சுதி வைக்க வேண்டும். கரோக்கி டிராக்கை இறக்குவதானால் இரண்டு ஸ்வரஸ்தானத்துக்கு மேல் போகக் கூடாது. போனால் டிரம்ஸ் சத்தம் ஈரச்சாக்கில் அடித்த மாதிரி ஆகிவிடும். கீபோர்டுக்காரர், சுதியை ஏற்றி இறக்குகிற டிரான்ஸ்போஸ் பொத்தானில் இறக்கிக்கொண்டால் சுத்தமாக இருக்கும். ஆனால் அடுத்த பாட்டுக்கு முன்னால் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மறந்துவிட்டால், கிடார் ஒரு சுதியிலும் கீபோர்டு ஒரு சுதியிலும் தொடங்கிச் சபையே திரும்பிப் பார்க்கும். பாட்டுப் பட்டியலில் ஒவ்வொரு பாட்டுக்குப் பக்கத்திலும் கட்டையையும், டிரான்ஸ்போஸ் எண்ணையும் பெரிதாக எழுதி ஒட்டுவது ஒன்றே வழி.

இவை இரண்டையும்விடக் கஷ்டமானது, பக்கத்துக் குரல் இல்லாமல் போவது. மேல் பஞ்சமத்தை மட்டும் நாலு வருஷம் பிடித்துக்கொண்டிருந்தவருக்குக் கீழே ஷட்ஜமமும் காந்தாரமும் எப்போதும் காதில் இருக்கும். அந்த இரண்டு ஸ்வரத்தைப் பார்த்துத்தான் தன் ஸ்வரத்தைச் சரிசெய்துகொண்டிருப்பார். அப்படிச் செய்கிறோம் என்பதே தெரியாமல் செய்துகொண்டிருப்பார். தனியாக நின்றதும் நீட்டுகிற ஸ்வரங்கள் மெல்ல மேலே ஏறும், களைத்த பிறகு கீழே இறங்கும். இதற்குத் தம்பூராச் செயலியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு ஸ்வரத்தையும் பத்து விநாடி நீட்டுவது நல்ல மருந்து. அதைவிட நல்லது, தான் பாடிய பழைய குழுப் பாட்டுகளின் மற்ற இரண்டு குரல்களையும் கற்றுக்கொண்டு பதிவு செய்துபார்ப்பது. தன் இடத்தை மட்டும் தெரிந்தவர் கோரஸ்காரர். மூன்று இடமும் தெரிந்தவர் பாட்டுக்காரர். கோயம்புத்தூர்த் தேவாலயக் கொயர்களில் (பாடற்குழுக்களில்) வளர்ந்து மெல்லிசைக்கு வருகிற பெண்கள் இந்த விஷயத்தில் மற்றவர்களைவிடத் தெளிவாக இருக்கக் காரணம், பக்கத்தில் நிற்கிறவர் என்ன பாடுகிறார் என்று தெரிந்துகொண்டே பாடிப் பழகியவர்கள் என்பதுதான். 'கோஸ்ட்ஸ்' ஆல்பத்தில் ஷிவான் தன் குரலையே அடுக்கடுக்காக வைத்துத் தனக்குத் தானே கோரஸ் ஆகிறார். விட்டுவந்த இரண்டு குரலுக்குப் பதிலாக அவர் கண்டுபிடித்த வழி அது. அதைக் கேட்ட பிறகும் அவரைத் தோற்றவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மேடையில் அந்த அடுக்கு கிடைக்காது. மூன்று மைக்கில் வந்த சத்தம் ஒரு மைக்குக்குச் சுருங்கியதும் குரல் மெலிந்து கேட்கும். உடனே சவுண்டுக்காரர் எக்கோவை ஏற்றுவார். கோயில் திடலில் இது பெரிய தப்பு. எதிர்ப்பக்கம் ஐம்பது மீட்டர் தள்ளி ஒரு பள்ளிக்கூடச் சுவர் இருந்தாலே, சத்தம் போய் அடித்துத் திரும்ப ஏறக்குறைய 0.3 விநாடி ஆகும். அதுவே ஒரு எக்கோ. அதன்மேல் இன்னொன்றைப் போட்டால் வார்த்தை குழம்பிவிடும். குரலில் நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடிச் சத்தத்தை வெட்டி, முந்நூறு ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் குறைத்து, நூறு மில்லிவிநாடிக்குள் ஒரு சின்ன டிலே (குரல் சற்றுத் தாமதித்துத் திரும்பக் கேட்பது) வைத்தால் குரலுக்கு உடம்பு வரும், வார்த்தையும் தெளிவாக நிற்கும். டைல்ஸ் தரையும் சிமெண்டுச் சுவருமாக இருக்கிற கல்யாண மண்டபங்களில் அந்த டிலேகூட வேண்டாம். பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் ஆனி தொடங்கி ஆவணி வரைக்கும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இழுத்து அடிக்கும். திறந்த மேடையில் மைக்குக்கு ஸ்பாஞ்சு உறை இல்லாவிட்டால் குரலைவிடக் காற்றுச் சத்தமே பெரிதாக வரும். குழுவில் இருந்தபோது இதையெல்லாம் யாரோ பார்த்துக்கொண்டார்கள். தனியாக வந்தவர் தானே கேட்டு வாங்க வேண்டும். சவுண்டுக்காரரிடம் "அண்ணா, எக்கோவைக் கொஞ்சம் கொறைங்க" என்று சொல்லத் தயங்குகிற பாடகி, அவர் வைத்த எக்கோவோடுதான் பாடியாக வேண்டும்.

பேர் யார் கையில்

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடம். ஷிவான் போனார், 2005 கடைசியில் முட்யாவும் போனார், அவர் இடத்துக்கு அமெல் பெராபா வந்தார். 2009-இல் கீஷாவும் வெளியே. ஜேட் யூவன் உள்ளே வந்தபோது தொடங்கிய மூன்று பேரில் ஒருத்தர்கூட இல்லை. பேர் மட்டும் அப்படியே இருந்தது. முட்யா அந்தப் பேரை ஐரோப்பாவில் வணிகக் குறியாக (டிரேட்மார்க்) பதிவு செய்யப் பார்த்தார். அது அவர் பேரில் ஏறியது காகிதம், எழுதுபொருள், பரிசு சுற்றும் தாள் வகைக்கு மட்டுமே. பாட்டுக்கு இல்லை. பிறகு மூன்று பேரும் மறுபடி ஒன்று சேர்ந்து, பழைய பேரை வைத்துக்கொள்ள முடியாமல் 'முட்யா கீஷா ஷிவான்' என்று தங்கள் பேர்களையே குழுப் பேராக வைத்து 2013-இல் ஒரு பாட்டு வெளியிட்டார்கள். விமர்சகர்கள் கொண்டாடிய பாட்டு. பட்டியலில் 50-ஆம் இடம். 2019-இல் பழைய பேர் அவர்கள் கைக்குத் திரும்பியது. 2022-இல் கிளாஸ்டன்பரி இசைத் திருவிழாவில் அதே மூன்று பேர் 'ஷுகபேப்ஸ்' என்ற பேரில் ஏறியபோது கூட்டம் கொள்ளாமல் அந்தத் திடலுக்குள் ஆள் விடுவதையே நிறுத்தும்படி ஆனது. மறுவருஷம் லண்டன் ஓ2 அரங்கத்தில் பாடினார்கள்.

2013, 2022 என்ற இந்த இரண்டு வருஷங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாடுகிறவர்கள் அதே மூன்று பேர். 2013-இல் குரலுக்கு ஒரு குறையும் இல்லை, பாட்டும் நல்ல பாட்டு. இடையில் காலமும் மாறியது என்பது உண்மைதான். சின்ன வயதில் அவர்களைக் கேட்டவர்கள் வளர்ந்து டிக்கெட் வாங்குகிற வயதுக்கு வந்திருந்தார்கள். இருந்தாலும் அந்தக் கூட்டத்தை ஒரு இடத்துக்குக் கூப்பிட்டது போஸ்டரில் இருந்த ஒற்றைச் சொல். ஷிவானுடைய தனி ஆல்பங்கள் ஏன் சேரவில்லை என்பதற்கும் பாதி விடை இங்கே கிடைக்கிறது. கடைக்குப் போனவர்களுக்கு 'ஷிவான் டானஹி' என்ற பேர் யாருடையது என்று தெரியவில்லை. அந்தக் குரலை அவர்கள் வேறொரு பேரில் தெரிந்துவைத்திருந்தார்கள். அதே 2007-இல் முட்யாவின் தனிப்பாட்டு 2-ஆம் இடம் வந்ததே என்று கேட்கலாம். அது எல்லாருக்கும் பழகிய, அமெரிக்கப் பாடகர் லென்னி க்ராவிட்ஸ் பாட்டின் இசைத்துண்டின்மேல் கட்டிய பாட்டு. அவரும் குழுவை விட்டு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, முகம் மறக்கவில்லை. ஷிவான் விலகியது ஒரே ஒரு ஆல்பத்துக்குப் பிறகு, அதுவும் குழு பெரிதாவதற்கு முன்னால்.

நம்மூர் ஆர்கெஸ்ட்ராவில் இது இன்னும் கூர்மையாக நடக்கிறது. குழுவின் பேர் பெரும்பாலும் கீபோர்டுக்காரருடையது அல்லது சவுண்டு செட் வைத்திருப்பவருடையது. நோம்பி (கோயில் திருவிழா) கமிட்டிக்காரர்கள் பாடகியை ரசித்துக் கைதட்டுவார்கள். அடுத்த வருஷம் கூப்பிட, ஃப்ளெக்ஸில் போட்டிருந்த செல்போன் நம்பருக்குத்தான் போன் போடுவார்கள். அந்த நம்பர் யாருடையதோ அவருக்குத்தான் கச்சேரி. மாசி, பங்குனியில் பொள்ளாச்சி, ஈரோடு மாரியம்மன் நோம்பிகள் முடிந்து சித்திரை, வைகாசி முகூர்த்தங்கள் வரைக்கும் ஓடுகிற சீசனில் பத்து வருஷம் பாடியவராக இருந்தாலும், விட்டு வந்த மறு மாசம் அவரை எப்படிப் பிடிப்பது என்று கமிட்டிக்குத் தெரியாது. ஆகவே ஒரு பாடகி குழுவில் இருக்கும்போதே செய்ய வேண்டிய முதல் வேலை, ஃப்ளெக்ஸில் தன் முழுப் பேர் வரும்படி கேட்பது. போட்டோவைவிடப் பேர் முக்கியம். மேடை அறிவிப்பிலும், வீடியோ விவரத்திலும் அதே பேர், ஒரே எழுத்தில் வர வேண்டும். ஒரு இடத்தில் 'கோவை' சேர்த்தும் இன்னொரு இடத்தில் சேர்க்காமலும் போட்டால் தேடுகிறவருக்கு இரண்டு ஆளாகத் தெரியும். யூடியூப் சேனல் யாருடைய மின்னஞ்சலில் திறந்திருக்கிறது என்பதையும் முதல் வீடியோவுக்கு முன்பே பேசிவிட வேண்டும். நாலு பேரும் சேர்ந்து நடத்துகிற சேனலை ஒருத்தரின் சொந்த மின்னஞ்சலில் திறந்துவிட்டுப் பிறகு சண்டை போடுவதைவிட, பிராண்டு கணக்காக வைத்து நாலு பேரையும் மேலாளர்களாகச் சேர்ப்பது நல்லது.

புதிதாகக் குழு தொடங்குகிறவர்கள் பேரைப் பதிவு செய்வதை ஏதோ பெரிய கம்பெனிக்காரர்கள் வேலை என்று நினைக்க வேண்டாம். வணிகக் குறிப் பதிவு வகுப்பு வகுப்பாகத்தான் நடக்கும்: கச்சேரிக்கு 41-ஆம் வகுப்பு, பாட்டுப் பதிவுக்கு 9-ஆம் வகுப்பு. திருப்பூர்க்காரர்கள் பேர் போட்ட டீ-ஷர்ட் அடிப்பதானால் 25-ஆம் வகுப்பு. ஒரு வகுப்பில் வாங்கியது இன்னொன்றுக்குச் செல்லாது. முட்யாவுக்குக் காகிதத்தில் கிடைத்து மேடைக்கு உதவாமல் போனது இதனால்தான். தனிநபர் இணையத்தில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டணம். பதிவானால் பத்து வருஷம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். விண்ணப்பத்தில் யார் பேர் இருக்கிறதோ அவர் பேரிலேயே பதிவு ஏறும் என்பதால் மூன்று பேர் குழுவென்றால் மூன்று பேரும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். கூடவே ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்: ஒருத்தர் விலகினால் பேர் யாருக்கு, விலகியவர் 'முன்னாள்' என்று போட்டுக்கொள்ளலாமா, எத்தனை வருஷத்துக்கு. ஒற்றுமையாக இருக்கும்போது இதைப் பேசச் சங்கடமாக இருக்கும்தான். சங்கடம் இல்லாத நேரம் என்று ஒன்று அதற்குப் பிறகு வராது.

பேர் போனாலும் போகாதது ஒன்று இருக்கிறது. 'ஓவர்லோட்' பாட்டை எழுதியவர்கள் பட்டியலில் ஷிவானின் பேரும் உண்டு. அவர் விலகியதால் அந்தப் பங்கு விலகவில்லை; அவர் குழுவில் இல்லாத அத்தனை வருஷமும் அந்தப் பாட்டில் அவர் எழுத்தாளர்தான். நம்மூரில் பாட்டு வரிக்கு உட்கார்ந்து நாலு பேரும் சேர்ந்து யோசிப்பார்கள்; வெளியிடும்போது ஒருத்தர் பேர் மட்டும் போகும். பாட்டு முடிந்த அன்றைக்கே யாருக்கு எத்தனை பங்கு என்று தாளில் எழுதிவிட வேண்டும். பாடியதற்கும் தனி உரிமை உண்டு: 2012-இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம் பாடகர்களுக்கு ராயல்டி உரிமையைத் தெளிவாகக் கொடுத்தது, மறு வருஷமே பாடகர்களுக்கென்று ஒரு உரிமைச் சங்கமும் வந்தது. சொந்தப் பாட்டு வெளியிட்டவர்கள் அதில் உறுப்பினராகாமல் இருப்பது காசைக் கீழே விடுவதுதான்.

திரும்பி வருகிறவருக்கு

திரும்பிப் போவதைப் பற்றி நம்மிடம் பேச்சே இல்லை. விட்டு வந்தால் பகை, திரும்பிப் போனால் அவமானம் என்றே வைத்திருக்கிறோம். ஷிவான் திரும்பியபோது குழுவுக்கு இருந்த பெரிய பாட்டுகள் பலவற்றில் அவர் குரலே இல்லை. 2005-இலும் 2007-இலும் வந்து முதலிடம் பிடித்த பாட்டுகளை அவர் இல்லாத குழு பதிவு செய்தது. கூட்டம் அவற்றையும் கேட்கத்தான் வருகிறது. ஹைடியும் அமெலும் பாடிய இடங்களைப் புதிதாகப் பங்கு பிரிக்க வேண்டியிருந்தது. இருபது வருஷத்துக்கு முன் விட்டுப்போன பெண்ணாக இருந்திருந்தால் இது முடிந்திருக்காது. இடையில் இரண்டு ஆல்பம் முழுவதையும் தனியாகத் தாங்கி, மேடை நாடகத்திலும் பாடிப் பழகியவர் என்பதால் முடிந்தது. யாரும் வாங்காத அந்த ஆல்பங்களின் பலன் இந்த மேடையில் கேட்கிறது.

நம்ம பக்கம் யாராவது பழைய குழுவுக்குத் திரும்பினால், முதல் ஒத்திகைக்கு முன்பே மூன்று விஷயத்தைப் பேசிக்கொள்வது நல்லது. தான் இல்லாதபோது வந்த பாட்டுகளில் எதைப் பாடுவது, எந்தக் கட்டையில். அவர் இடத்தில் இத்தனை நாள் பாடிய பெண்ணுக்கு என்ன இடம். அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நடத்துகிற கச்சேரி நாலு மாசத்தில் கசந்துவிடும், இரண்டு பேரையும் வைத்து மேல்குரலைப் பிரித்துக் கொடுத்தால் கோரஸ் இன்னும் அழகாக நிற்கும். மூன்றாவது, ஃப்ளெக்ஸில் யார் நம்பர்.